நூற்றுப் பன்னிரண்டில் எத்தனை அடுப்பு

மனித குலம் இதுவரை போட்ட குடும்பச் சண்டைகள் அத்தனைக்கும் காரணம், குடும்பம் என்றால் என்ன என்று யாரும் உட்கார்ந்து சரியாக வரையறுத்துக்கொள்ளாததுதான். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு. இந்த இரண்டு வாக்கியங்களை வீட்டுக்கு வீடு சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் நீதிமன்றங்களில் பாதியை இழுத்து மூடிவிடலாம்.

இந்த உண்மையை ஒரு திங்கட்கிழமை காலை, குடும்பக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் டீ மேசையில், பதினோரு பேர் முன்னிலையில், கையில் பாதி பிஸ்கட்டோடு அறிவித்தவனுக்கு வயது இருபத்து மூன்று. சமூகவியல் பட்டதாரி. கல்யாணம் ஆகாதவன். வாழ்க்கையில் ஒரு அடுப்பைக்கூடத் தன் கையால் பற்றவைத்து அறியாதவன். ஆனால் கணக்கெடுப்புக் கையேடு அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம். அலுவலகத்தில் அவனுக்கு 'வரையறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

அங்கே வேலை இரண்டு வகை. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, இங்கே யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன உறவு, எத்தனை அடுப்பு என்று கேட்டு மஞ்சள் படிவத்தை நிரப்புவார்கள். பெயர் மட்டும் எழுதக்கூடாது, ரகசியம். மறுபரிசோதகர்கள் அந்தப் படிவங்களில் சிலதைக் குலுக்கிப்போட்டு எடுத்து, அதே வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். பதில் மாறினால் சிவப்புப் பேனாவில் 'பொருந்தவில்லை'. ஒருவருடைய படிவங்களில் மூன்று 'பொருந்தவில்லை' விழுந்தால் அவர் வீட்டுக்கே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். படிவங்கள் ரத்து, வேலையும் ரத்து.

வரையறை மறுபரிசோதகன். நான்கு மாதத்தில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். போகும்போது இரண்டு பேருமே தனக்குக் கை கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வான். அதில் ஒருவர் ஓங்கியது கொடுப்பதற்கான கை இல்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"அப்போ ஒரே அடுப்புல ஆக்கி, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம தின்னுட்டு எந்திரிச்சுப் போறவங்க?" என்று மேசையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டார் பென்சில் அக்கா.

"ஒரு குடும்பம்."

"ரெண்டு அடுப்பு வெச்சுக்கிட்டு, ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் சுடுதண்ணி போட்டுக் குடுக்கிறவங்க?"

"ரெண்டு குடும்பம். பக்கம் பதினாலு."

"பக்கம் பதினாலு எழுதினவர் வீட்ல எத்தனை அடுப்பாம்?"

மேசை சிரித்தது. வரையறை பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

பென்சில் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுருட்டிக் கட்டிய கொண்டையில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் செருகியிருக்கும். படிவத்தை அந்தந்த வீட்டிலேயே நீலப் பேனாவில் நிரப்ப வேண்டும் என்பது விதி. அக்கா மற்ற கட்டங்களைப் பேனாவில் எழுதுவார். உறவும் அடுப்பும் எழுதுகிற கட்டங்களை மட்டும் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில்தான் பேனாவை ஏற்றுவார். அவர் படிவங்களில் அந்த இடம் மட்டும் தாள் தேய்ந்து வெளிச்சம் தெரியும்.

"உறுதியா தெரிஞ்சவன் பேனாவை எடுப்பான் அக்கா" என்றான் வரையறை. "பென்சில் எடுக்கிறவங்க பொய்க்கு இடம் விட்டு எழுதுறவங்க. உங்க கல்யாணப் பத்திரிகையையும் பென்சில்லதான் அடிச்சீங்களா?"

"அடிச்சிருக்கலாம் தம்பி. ரப்பரோட முடிஞ்சிருக்கும். வக்கீல் வெச்சு அழிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

மறுபடியும் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்காமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"ஜனங்க கதவைத் திறந்ததும் ஒண்ணு சொல்வாங்க. உக்கார வெச்சுத் தண்ணி குடுத்ததும் வேற ஒண்ணு சொல்வாங்க. நாம எந்திரிச்சு வாசல்ல செருப்பு மாட்டும்போது மூணாவதா ஒண்ணு சொல்வாங்க. முதல் ரெண்டும் பென்சில். செருப்பு மாட்டும்போது சொல்றதுதான் பேனா."

"கையேட்டுல செருப்பு பத்தி ஒண்ணும் இல்லையே."

"அதை எழுதினவர் வெறுங்காலோட போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் குலுக்கலில் அக்காவின் படிவங்கள் விழுந்தன. செவ்வாய்க்கிழமை ஒரு வீடு. அக்கா மூன்று பேர் என்று எழுதியிருந்தார். வரையறை போனபோது நான்கு பேர். நடுவில் மனைவியின் தம்பி பெட்டியோடு வந்து இறங்கியிருந்தான். பொருந்தவில்லை. வியாழக்கிழமை இன்னொன்று. ஒரு பெண்ணுக்கு நேரே அக்கா 'மனைவி' என்று எழுதியிருந்தார். வரையறை கேட்டபோது அந்த வீட்டு ஆள் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் சிவப்புப் பேனாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி சார்" என்றார். பக்கத்தில் நின்ற பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தங்கைகள் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் பார்வைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பொருந்தவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெட்டிக்குச் சீல் வைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் மூன்றாவது சீட்டு. மேற்பார்வையாளர் தகர டப்பாவைக் குலுக்கினார். எதைக் கேட்டாலும் இரண்டு நிமிஷம் என்பார். அலுவலகம் முழுக்க அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றுதான் பெயர். அன்றைக்கு டப்பாவை வெகுநேரம் குலுக்கினார். பதினாறு வருஷமாகக் கணக்கெடுக்கிற பெண்ணை இருபத்து மூன்று வயதுப் பையன் சொல்லி அனுப்புவது அவருக்கும் அத்தனை ருசிக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அறுந்திராத வாரை.

"நூத்திப் பன்னெண்டு" என்று சீட்டைப் படித்தார் ரெண்டு நிமிஷம்.

நூற்றுப் பன்னிரண்டு. வீட்டுப் பட்டியல் எடுக்க வந்தவர்கள் கதவு நிலையில் சிவப்பு வண்ணத்தில் எழுதிவிட்டுப் போன எண். தேய்த்தும் போகவில்லை என்று அம்மா ஒரு வாரம் திட்டித் தீர்த்த எண். வரையறை தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறான்.

உறவினர் வீட்டைப் பரிசோதிக்கக்கூடாது, சொல்லிவிட்டுச் சீட்டைத் திரும்பப் போட வேண்டும் என்பது பக்கம் மூன்று. அவன் வாயைத் திறக்கத்தான் போனான். அதற்குள் படிவம் கையில் வந்துவிட்டது.

அதில் இப்படி இருந்தது. முதல் அடுப்பு, கீழ்த்தளம்: பெண், 51, குடும்பத் தலைவர். இரண்டாவது அடுப்பு, மாடி: ஆண், 57, குடும்பத் தலைவர், தனி. மூன்றாவது வரி: மகன், 23. அந்த வரியில் 'எந்த அடுப்பு' என்ற கட்டம் காலி. எழுதி எழுதி அழித்து, தாள் பஞ்சாகியிருந்தது.

வரையறைக்கு முதலில் வந்தது சிரிப்பு. தன் வீட்டை இரண்டாக வெட்டி, தன்னை நடுவில் தொங்கவிட்டிருக்கிறாள் இந்த மகராசி. அப்பா லிஃப்ட் மெக்கானிக்; மதியம் மூன்று மணி ஷிப்ட். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் விடியற்காலை ஷிப்ட். தூக்கம் கெடுகிறது என்று அப்பா மாடி அறைக்குப் போனார். வேலை முடிந்து வந்து பாத்திரம் உருட்டினால் அம்மா எழுந்துவிடுகிறாள் என்று மாடியிலேயே ஒரு மின்சார அடுப்பு வாங்கி வைத்தார். அவருக்குச் சமையல் ஒரு பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது. ஷிப்டைப் பார்த்துக் குடும்பம் இரண்டு என்று எழுதுவதா? உலகத்திலேயே அவன் போய்ப் பார்க்காமலே பதில் தெரிந்த ஒரே வீடு அதுதான். பக்கம் மூன்று அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதுபோல அதைத் தாண்டிப் புரட்டிவிட்டான்.

"மதியம் போயிட்டு வந்துடறேன் சார்."

"ரெண்டு நிமிஷம் யோசிச்சு எழுதுப்பா" என்றார் அவர்.

அக்கா திரும்பினார். படிவத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

ஒன்றரை மணிக்கு வரையறை தன் வீட்டுக் கதவைத் தட்டினான். சாவி பையில்தான் இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது.

"என்னடா இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?" என்றாள் அம்மா.

"அலுவலக விஷயமா வந்திருக்கேன். உக்காருங்க."

"யாரு, நானா?" அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"கணக்கெடுப்பு மறுபரிசோதனை. அஞ்சு நிமிஷம்தான்."

அம்மா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வயது கேட்டான், படிப்பு கேட்டான், தொழில் கேட்டான். எல்லாம் பொருந்தியது. மகன் இப்படி மரியாதையாகப் பேசிப் பார்த்ததே இல்லை என்பதால் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

"இந்த வீட்டில் எத்தனை அடுப்பு?"

சிரிப்பு நின்றது.

"நீ கேக்கறியா, ஆபீஸ் கேக்குதா?"

"ஆபீஸ்."

"அங்க இதை யாரு படிப்பாங்க?"

"நான்தான்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து போய் அடைப்பாள். இப்போது எழவில்லை. மகனின் முகத்தைப் படிவத்தைப் படிப்பதுபோல மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"ஒண்ணுன்னு எழுதிக்கோ."

"எழுதிக்கோன்னெல்லாம் சொல்லக்கூடாதும்மா. எத்தனையோ அதை மட்டும் சொல்லணும்."

"ஒண்ணு."

"எல்லாரும் ஒரே குடும்பம்?"

"ஆமா."

வரையறை சிவப்புப் பேனாவைத் திறந்தான். 'பொருந்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்றாவது. மை காய்வதற்காகக் குனிந்து ஊதினான். அம்மா அந்த எழுத்தைத் தலைகீழாகப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போயேன்."

"பணி நேரத்துல சாப்பிடக் கூடாது" என்று எழுந்தான்.

வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு மறு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு துண்டுப் பென்சில். ஒரு முனையில் பல் பதிந்திருந்தது.

"அன்னைக்கு வந்த அம்மா மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. குடுத்துடு. எப்படி இருக்காங்க அவங்க?"

"இன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்காங்க. நாளையிலேர்ந்து வீட்ல இருப்பாங்க."

"ஏன்?"

"பொய்யா எழுதியிருக்காங்கம்மா. நம்ம வீட்டை ரெண்டு குடும்பம்னு எழுதியிருக்காங்க. இது மூணாவது தப்பு. வேலை போயிடும்."

இதை அவன் கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். செருப்பின் வார் மடங்கிக்கொண்டது. நிமிர்ந்தபோது அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைக்கு மேலே சிவப்பு வண்ணத்தில் நூற்றுப் பன்னிரண்டு.

"அவங்க பொய் எழுதலடா."

அவன் ஒற்றைச் செருப்போடு நின்றான்.

"நான் சொன்னதைத்தான் எழுதினாங்க. பேர் எழுத மாட்டோம், யார் கண்ணுக்கும் போகாதுன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாம எனக்கும் எட்டு மாசம் ஆச்சு. சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"ரெண்டு அடுப்புன்னுதான். நானும் உங்கப்பாவும் பிரிஞ்சுட்டோம்னு."

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். வரையறைக்குத் தான் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாதான் உனக்குக் கேட்டிருக்குமே. பேச்சு தீந்துபோச்சு, அவ்வளவுதான். வீட்டை உடைக்க வேணாம், மாடி உங்களுக்கு, கீழ எனக்குன்னு உக்காந்து பேசி முடிச்சோம். அதுதான் எங்களைப் பத்தி நாங்க நல்லபடியா பேசின கடைசிப் பேச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

அம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம். நீ குடும்பத்தையே படிச்சவனாச்சே. கட்டில் மேல போச்சு, அடுப்பு மேல போச்சு, ஃபிரிட்ஜுல அவர் தட்டுக்கு நீல டேப் ஒட்டியிருக்கேன், தினமும் அதைத் தள்ளிட்டுத்தானே தண்ணி எடுக்கிற. தெரிஞ்சும் நாகரிகமா ஒரு வார்த்தை கேக்காம இருக்கான் பாருன்னு உங்கப்பா மாடிப்படியில என்னைப் பாத்தா பெருமையா சொல்லுவாரு."

வரையறை அந்த நாகரிகத்தைத் தாங்கமுடியாமல் படியில் உட்கார்ந்தான். நீல டேப்பை அவன் பார்த்திருக்கிறான். காலாவதியான உணவு என்று நினைத்து ஒருதடவை முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறான்.

"அப்போ இப்ப ஏன் ஒண்ணுன்னு சொன்ன?"

"நீ வந்து உக்காந்து, எத்தனை அடுப்புன்னு ஒண்ணும் தெரியாத மூஞ்சியோட கேட்டியே. அப்பதான் எனக்கே விளங்குச்சு, இவனுக்குத் தெரியாதுன்னு. உன் மூஞ்சியப் பாத்து எப்படிடா ரெண்டுன்னு சொல்றது?"

மடியில் இருந்த படிவத்தில் சிவப்பு மை நன்றாகக் காய்ந்திருந்தது. அவன் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஒரு புள்ளிகூட நகரவில்லை.

"அந்தம்மாவுக்கு வேலை போயிடுமா?" என்றாள் அம்மா. "என்னாலயா?"

"இல்ல. என்னால."

அவன் மூன்றாவது வரியைக் காட்டினான். "இது என்ன, காலியா விட்டிருக்காங்க?"

"மகன் எங்க சாப்பிடறாருன்னு கேட்டாங்க. காலைல கீழ, ராத்திரி மேலன்னேன். ஒண்ணுன்னு எழுதி அழிச்சாங்க. ரெண்டுன்னு எழுதி அழிச்சாங்க. அப்புறம் சுவர்ல உன் பட்டமளிப்பு போட்டோவைப் பாத்து ரொம்ப நேரம் நின்னாங்க. இதை அவரே வந்து சொல்லட்டும்னுட்டுப் போயிட்டாங்க."

மாடிப்படி பதினாறு. தினமும் ராத்திரி ஏறுகிறவன் அன்றைக்குத்தான் எண்ணினான்.

அப்பா ஷிப்டுக்கான நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு கரண்டி. தட்டு மட்டும் இரண்டு. அலமாரியில் நகத்தளவும் பிசகாத ஒழுங்கோடு அடுக்கியிருந்தது. அவன் கையில் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்ததும் அப்பாவின் விரல் நின்றது.

"இந்த வீட்ல எத்தனை அடுப்புப்பா?"

"உங்கம்மா என்னன்னு சொன்னா?"

"நீங்க சொல்லுங்க."

"அவ சொன்னதையே எழுதிக்க."

"முதல்ல ஒண்ணுன்னாங்க. அப்புறம் ரெண்டுன்னாங்க."

அப்பா அடுப்பை அணைத்தார். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் அவர் பேசுகிற குரல் ஒன்று உண்டு. பதட்டமே இல்லாத குரல். அந்தக் குரலில், "அப்போ ரெண்டுதான்" என்றார்.

முட்டையில் மிச்சமிருந்த ஓட்டையும் உரித்தார்.

"நீ எதுல வருவே?" என்று அப்பா கேட்டார்.

விதி இருந்தது. இரண்டு இடத்தில் சாப்பிடுகிறவர், கடந்த முப்பது நாளில் எங்கே அதிகத் தடவை சாப்பிட்டாரோ அந்த அடுப்பு. பக்கம் பதினாலு, கடைசிப் பத்தி. அவன் சொன்னான். காலை முப்பதும் கீழே. ராத்திரி முப்பதும் மேலே. மதியம் அலுவலகம்.

"சமம்" என்றான்.

"சமமில்ல" என்றார் அப்பா. சொல்ல வேண்டாம் என்று பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. "போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்ட் மாட்டிக்கிட்டு எனக்கு டபுள் ஷிப்ட். அன்னிக்கு ராத்திரி நீ கீழ சாப்பிட்ட. அவளுக்கு முப்பத்தொண்ணு. எனக்கு இருபத்தொம்போது."

அவர் தப்பில்லாமல் கணக்குப் பார்த்திருந்தார். எப்போதிருந்து என்று வரையறை கேட்கவில்லை.

"அப்போ கீழதான் எழுதணும்" என்றார் அப்பா. "விதின்னா விதிதானே."

பேனாவைத் திறந்து 1 என்று எழுத ஒரு விநாடி போதும். விதி தெளிவாக இருந்தது, சாட்சி இருந்தது, கட்டம் காலியாக இருந்தது. இதைவிட உறுதியாகத் தெரிந்த பதில் நான்கு மாதத்தில் அவனுக்குக் கிடைத்ததே இல்லை. அவன் பேனாவை எடுக்காமல் அலமாரியிலிருந்து இரண்டு தட்டையும் எடுத்துக் கீழே வைத்தான்.

"பணி நேரம் இல்லையா?" என்றார் அப்பா.

"பசிக்குது."

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினான். இப்போதும் முப்பத்தொன்றுக்கு முப்பதுதான். ஒரு முட்டையில் அதைச் சரிக்கட்ட முடியவில்லை.

நாலரை மணிக்கு அலுவலகத்தில் சீல் வைக்கும் அரக்கு உருகிக்கொண்டிருந்தது. பதினோரு பேரும் டீ மேசையைச் சுற்றி நின்றார்கள். பென்சில் அக்கா நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய டம்ளர் கழுவிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போய்விட்டதைக் கவனிக்காதவர்கள் இல்லை.

ரெண்டு நிமிஷம் கையை நீட்டினார். "என்னப்பா?"

வரையறை படிவத்தைக் கொடுக்கவில்லை. மேசையில் வைத்து, எல்லார் கண்ணெதிரிலும், 'பொருந்தவில்லை' மேல் ஒரு கோடு போட்டான். விதிப்படி அடித்தால் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டான். அவர் அதை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே படித்தார். சத்தமாகப் படிப்பது அவர் பழக்கம்.

"'பதில் சொன்னவர் முதலில் மாற்றிச் சொன்னார். காரணம், கேட்டவர் அவர் மகன். கணக்கெடுப்பாளர் எழுதியது சரி. குடும்பம் இரண்டு.'" அவர் இரண்டாம் தடவை படித்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல். "இது உன் வீடாப்பா?"

"ஆமா சார்."

"பக்கம் மூணு என்ன சொல்லுது?"

"தெரியும் சார். தெரிஞ்சுதான் போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை சிரித்த மேசையா இது என்று இருந்தது. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். யாரோ ஒருவர் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ மறுபரிசோதனைல இல்ல" என்றார் ரெண்டு நிமிஷம். "கணக்கெடுக்கப் போ. அம்மாகூடப் போய்க் கத்துக்க." அக்காவைத்தான் கண்ணால் காட்டினார். பிறகு படிவத்தை மறுபடி பார்த்தார். "மூணாவது வரி காலியா இருக்கே. காலியா இருந்தா சீல் வைக்க முடியாது. எழுதிக் குடு. ரெண்டு நிமிஷம்."

அக்கா பையைத் திறந்தார். டம்ளரை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் கொண்டையைத் தடவிப் பார்த்தார். அங்கே புதுப் பென்சில் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தன் நீலப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"பேனா வேணுமா தம்பி?"

"வேணாம் அக்கா. இருக்கு."

அவன் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றான். சட்டைப் பையில் கைவிட்டான். பல் பதிந்த துண்டுப் பென்சில் விரலில் பட்டது. முனை மழுங்கியிருந்தது. ஜன்னல் கட்டையில் இரண்டு தடவை தீட்டினான். பிறகு தாளின் தேய்ந்த இடம் கிழிந்துவிடாமல், மிக லேசாக, வேண்டுமானால் நாளைக்கே அழித்துவிடலாம் என்கிற அளவுக்கு மட்டும் அழுத்தி எழுதினான்.